வயசான நாய்க்கு ரெண்டு கைப்பிடி ஹார்னெஸ்: நாலு ஸ்டார், அதுவும் இடுப்புப் பட்டைய வெட்டித் தச்சதுக்கப்பறம்

மொதல்லயே சொல்லிர்றேன், நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் கொறஞ்சதுக்கு காரணம் இடுப்புப் பட்டை, அத கீழ விவரமா சொல்றேன். இது சாதாரணமா வாக்கிங் கூட்டிட்டுப் போற ஹார்னெஸ் இல்ல. நெஞ்சுக்கு ஒரு பீஸ், இடுப்புக்கு ஒரு பீஸ், ரெண்டு மேலயும் தூக்கிப் பிடிக்க ஒவ்வொரு கைப்பிடி, முதுகு மேல ஒரு பட்டை ரெண்டையும் சேக்குது. பின்னாடி பீஸ்ல ரெண்டு தொடைக்கும் வளையம் இருக்கு, நாய் எந்திரிக்க முடியாதப்ப நாம கைப்பிடியப் பிடிச்சு பாதி எடையத் தாங்கிக்கலாம், மீதிய அது கால் தாங்கிக்கும். அவ்வளவுதான் விஷயம். படத்துல பாத்தா சின்னச் சாமான், ஆனா இருபது கிலோ நாய ஒரு நாளைக்கு பல தடவ ஒன்னுக்கு ரெண்டுக்கு வாசலுக்குக் கொண்டு போறவங்க இடுப்பக் கேட்டுப் பாருங்க, இதோட அருமை தெரியும்.

இந்தச் சாமான தேடி வர்ற பல பேரு நாய்க்கு திடீர்னு நடக்க முடியாமப் போயி பதட்டத்துல நடுராத்திரி போன நோண்டிக்கிட்டு வர்றவங்க, அதனால ஹார்னெஸ் பத்தி மட்டும் எழுதாம எதுக்கு வாங்குனேங்குறதையும் எழுதிர்றேன், நீளமாத்தான் இருக்கும், அளவு மட்டும் தெரிஞ்சாப் போதும்னா கீழ அந்த எடத்துக்குப் போயிருங்க.

எங்க நாயி பேரு செவலை, நெறத்த வச்சு வச்ச பேருதான். சிப்பிப்பாறை, பொட்டை, பன்னெண்டு வயசு தாண்டிருச்சு. கோவில்பட்டி பக்கம் எங்க ஊரு, இங்க சிப்பிப்பாறை, கன்னி ரக நாய்ங்க எல்லாம் வீட்டுக்கு வீடு பாக்கலாம், அதனால வயசான சிப்பிப்பாறையப் பாத்த ஆளுக நெறைய உண்டு. ராத்திரி நல்லாச் சாப்ட்டுப் படுத்த நாயி விடியக்காலைல எந்திரிக்கப் பாக்குது, எடது பக்கமா சரிஞ்சு செவுத்துல முட்டுது, மறுபடி எந்திரிக்குது மறுபடி அதே பக்கம் உருளுது. தல எடது பக்கம் சாஞ்சு கெடக்கு. கண்ணு ரெண்டும் நிக்காம பக்கவாட்டுல வெட்டி வெட்டி ஆடுது. வாயில எச்சி, அப்பறம் வாந்தி. பாத்தவங்க எல்லாரும் பக்கவாதம்னே சொன்னாங்க, பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து எட்டிப் பாத்துட்டு "தம்பி, இது தேறாது, வாயில்லா ஜீவன வதைக்காத, ஊசியப் போட்டு அனுப்பி விட்ரு"ன்னுட்டாரு. எங்கம்மா அதெல்லாம் கேக்கல, உப்பும் மொளகாயும் எடுத்து சுத்திப் போட்டுட்டு "டாக்டரக் கூப்புடுய்யா மொதல்ல"ன்னாங்க.

டாக்டரம்மா வந்து பாத்த விதம் எனக்குப் புடிச்சது, அதனால அதையும் எழுதுறேன், உங்க நாய்க்கு வந்தா டாக்டர் என்ன பாக்குறாங்கன்னு உங்களுக்கும் வெளங்கும். மொதல்ல நாயி நினைவோட இருக்கான்னு பேரச் சொல்லிக் கூப்ட்டுப் பாத்தாங்க, வாலு ஆடுச்சு. வலிப்புன்னா பெரும்பாலும் நினைவு போயிரும், இங்க நாய் முழிச்சுக்கிட்டு நம்மளத்தான் பாக்குது, ஆனா ஒலகம் சுத்துது அதுக்கு. அப்பறம் கண்ணு எந்தத் திசைல ஆடுதுன்னு கொஞ்ச நேரம் பாத்தாங்க. பக்கவாட்டுல ஆடுனா ஒரு கணக்கு, மேலயும் கீழயும் ஆடுனா வேற கணக்கு. அதுக்கப்பறம் ரெண்டு பேரு சேந்து நாயத் தாங்கிப் பிடிச்சு நிக்க வச்சுட்டு ஒவ்வொரு பாதமா மடக்கி, பாதத்தோட மேல்பக்கம் தரைல படுற மாதிரி வச்சாங்க. செவலை ஒடனே ஒவ்வொரு காலையும் திருப்பி ஒழுங்கா வச்சுக்கிச்சு. "இது நல்ல அறிகுறி, காலு எங்க இருக்குன்னு மூளைக்குத் தெரியுது"ன்னாங்க. அப்பறம் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்து செவிப்பறை நல்லா இருக்கான்னு பாத்தாங்க, சீழ் நாத்தம் ஒன்னும் இல்ல. முகத்துல ஒரு பக்கம் தொங்குதா, கண்ணு சிமிட்டுதான்னும் பாத்தாங்க, ஏன்னா முகத்துக்குப் போற நரம்பு நடுக்காது பக்கத்துலதான் ஓடுதாம், காதுல ஆழமா சீழ் புடிச்சா அதுவும் அடிபடும்.

உள்காதுல அரைவட்டமா மூணு குழாய் இருக்கு, உள்ள திரவம். தல திரும்புறப்ப அது நகரும், எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புதுங்குற சேதி எட்டாவது கபால நரம்பு வழியா மூளைத்தண்டுக்குப் போவும். ரெண்டு காதுல இருந்தும் வர்ற சேதிய ஒப்பிட்டுத்தான் ஒடம்பு நேரா நிக்குது. ஒரு பக்கத்துச் சேதி சட்டுனு நின்னு போச்சுன்னா மறுபக்கம் மட்டும் பேசிக்கிட்டே இருக்கும், அப்ப நாய் சும்மா படுத்திருந்தாலும் ரங்கராட்டினத்துல சுத்துற மாதிரியே இருக்கும். அதான் வாந்தி, அதான் கண்ணு ஆட்டம். தல சாயுறதும் உருளுறதும் பெரும்பாலும் கெட்டுப்போன பக்கமாத்தான். வயசான நாய்ங்களுக்கு எந்தக் காரணமும் புடிபடாம இப்புடி வர்றத வெஸ்டிபுலர் சிண்ட்ரோம்னு சொல்றாங்க. பாக்க படு பயங்கரமா இருக்கும், ஆனா இதுதான் இருக்கறதுலயே நல்லா தேறுற வகை. மொத ஒன்னு ரெண்டு நாள்தான் உச்சம், மூணு நாள் வாக்குல லேசா எறங்க ஆரம்பிக்கும், ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலான நாய்ங்க பழையபடி நடந்துரும். தல சாய்வு மட்டும் சிலதுக்கு கொஞ்சம் அப்புடியே தங்கிரும், நாய் அதப் பத்தி கவலப்படுறதில்ல.

அதனாலதான் சொல்றேன், மொத ரெண்டு நாளப் பாத்துட்டு யாரும் கருணைக்கொலை முடிவெடுக்காதீங்க. ஊர்ல நாலு பேரு நாலு சொல்லுவாங்க. டாக்டரே மத்த காரணம் இருக்குன்னு சொன்னா அது வேற. இந்த ஹார்னெஸ எதுக்கு நாலு ஸ்டார் குடுத்தேன்னா, அந்த ரெண்டு மூணு வாரத்த நாயும் நாமளும் தாக்குப் பிடிக்க இது உதவுது. மருந்துன்னு பாத்தா செவலைக்குப் பெருசா ஒன்னும் இல்ல, வாந்திய நிறுத்த மாரோபிட்டன்ட் ஊசி, தோலுக்கடியில சலைன் தண்ணி, அவ்வளவுதான். ஸ்டீராய்டு போடலியான்னு நான் கேட்டேன், நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் அத எதிர்பாக்குறது பழக்கமாப் போச்சு. இந்த வகைக்கு அதனால பலன்னு நிரூபணம் கெடையாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ரத்தம் எடுத்தாங்க, தைராய்டு கம்மியா இருந்தாலும் இப்புடி வருமாம், உண்ணிக் காய்ச்சலும் சில சமயம் நரம்பப் புடிக்குமாம். நம்ம பக்கம் உண்ணி சொல்லவே வேணாம், அதனால அந்த டெஸ்ட விட்றாதீங்க.

இன்னும் ரெண்டு காரணத்த எழுதியே ஆகணும், ஏன்னா ரெண்டும் நம்ம கையால வர்றது. ஒன்னு, நாய்க்கு வயித்தால போச்சுன்னா மெடிக்கல்ல கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கி நாள்கணக்குல குடுக்குறது. டோஸ் ஏறுனாலோ ரொம்ப நாள் குடுத்தாலோ அதே மருந்து மூளையப் பாதிச்சு இதே ஆட்டத்தக் காட்டும், நிறுத்துனா சரியாவும், ஆனா டாக்டர்கிட்ட அதக் குடுத்தத சொன்னாத்தான அவங்களுக்குத் தெரியும். இன்னொன்னு காதுக்கு விடுற சொட்டு மருந்து. செவிப்பறை கிழிஞ்சிருக்கப்ப ஜென்டாமைசின் மாதிரி மருந்து உள்ள போனா உள்காதையே கெடுத்துரும். காதப் பாக்காம யாரும் சொட்டு விடாதீங்க.

சரி ஹார்னெஸுக்கு வருவோம். ஆர்டர் போட்டு வந்து சேர்றதுக்குள்ள மொத ஒன்னு ரெண்டு நாள் ஓடிப் போயிருந்துச்சு. அது நல்லதுக்குத்தான். ஏன்னா உச்சத்துல இருக்கப்ப ஹார்னெஸால புண்ணியம் இல்ல, அந்த நேரத்துல நாயத் தூக்குனாலே அதுக்குத் தலகீழா சுத்துது, காலு தரைய விட்டு மேல போனா பயந்து போயி நாலு காலையும் வெறச்சுக்கிட்டு உருளப் பாக்குது. அப்ப வேண்டியது ஒரு மூலை, ரெண்டு பக்கமும் சுருட்டுன போர்வை, கீழ கனமான மெத்தை, ராத்திரி ஒரு சின்ன லைட்டு. லைட்டு ஏன்னா காது குடுக்காத சேதிய கண்ணு குடுக்கும், இருட்டுல அதுவும் போச்சுன்னா நாய் இன்னும் தடுமாறும். சிப்பிப்பாறைக்கு ஒடம்புல கொழுப்பும் இல்ல முடியும் இல்ல, ஒரே பக்கம் படுத்தா முழங்கையும் இடுப்பெலும்பும் புண்ணாயிரும், அதனால சில மணி நேரத்துக்கு ஒருக்க மாத்திப் படுக்க வைக்கணும். மாத்துறப்ப முதுகு வழியா மல்லாக்கப் பொரட்டாதீங்க, நெஞ்சு மேல உக்கார வச்சு கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டு மெதுவா அந்தப் பக்கம் சாய விடுங்க.

கொஞ்சம் தேறி, விழுந்தாலும் தானே எந்திரிக்கணும்னு அதுக்கே ஒரு வேகம் வருது பாருங்க, அந்தக் கட்டத்துலதான் ஹார்னெஸ் வேல செய்ய ஆரம்பிக்கும். செவலை வீட்டுக்குள்ள ஒன்னுக்கு போற பழக்கம் கெடையாது, எவ்வளவு முடியாட்டியும் வாசல்தான் வேணும்னு அடக்கிக்கிட்டே கெடந்துச்சு, துண்ட வயித்துக்கடியில விட்டுத் தூக்கிப் பாத்தோம், துண்டு முன்னாடி நழுவி வயித்த அமுக்குது, அமுக்குனா வாந்தி. ஹார்னெஸ்ல எடை நெஞ்செலும்புலயும் தொடையிலயும் தாங்குது, வயித்துல ஒன்னும் படல. முன்கைப்பிடிய ஒரு கை, பின்கைப்பிடிய ஒரு கை, எடது பக்கமா சரியுறப்ப நம்ம காலோட சாச்சு நிறுத்திக்கலாம். நாம சரியுற பக்கத்துல நிக்கணும், அது முக்கியம், மறுபக்கம் நின்னு இழுத்தா ரெண்டு பேரும் விழ வேண்டியதுதான். எங்கம்மாவுக்கு அறுவது தாண்டிருச்சு, அவங்களே தனியா வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி வந்தாங்க, "பையத் தூக்குற மாதிரில இருக்கு, இத மொதல்லயே வாங்கிருக்கலாம்லய்யா"ன்னாங்க. கைப்பிடி ரப்பர் போட்டு தடிமனா இருக்கு, கைய அறுக்காது. முன்கைப்பிடி உசரம் சரியா இருக்கு, ஆனா பின்கைப்பிடி குட்ட, என் ஒசரத்துக்கு குனிய வேண்டியிருக்கு, கூட ஒரு நீள வாரும் குடுக்குறாங்க, அத மாட்டிக்கிட்டா நிமிந்து நடக்கலாம்.

தூக்குறதுன்னா முழுசா அந்தரத்துல தூக்குறது இல்லங்க, இத அழுத்திச் சொல்றேன். காலு தரைல பட்டுக்கிட்டே இருக்கணும். பாதம் தரையத் தொட்டு நடக்க நடக்கத்தான் மூளை மத்த வழிகள்ல இருந்து சேதி வாங்கி பழகிக்கும், தூக்கி வச்சு தூக்கி வச்சுக் கொண்டு போனா தேறுறது தள்ளித்தான் போவும். ஹார்னெஸக் கழட்டிட்டு சும்மா நாள் பூரா படுக்கப் போட்டாலும் அதே கததான். ஒரு நாளைக்கு பல தடவ, கொஞ்சக் கொஞ்ச நேரம், மண்ணுத் தரைல.

இப்ப அளவு. இங்கதான் எனக்குக் கோவம். இந்த மாதிரி சாமான் எல்லாத்தையும் லாப்ரடாருக்குத்தான் அளவெடுத்துத் தைக்கிறாங்க போல, நெஞ்சு எவ்வளவோ இடுப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு. சிப்பிப்பாறைக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டிக் கெடக்கும், அதுதான் அந்த நாயோட அழகே. செவலைக்கு நெஞ்சளவு 66 சென்டிமீட்டர், இடுப்பளவு 46. அட்டவணைல நெஞ்சுக்கு எம் சைஸ் வருது, எம் சைஸ்ல இடுப்புப் பட்டைய கடைசி வரைக்கும் இறுக்குனாலும் 54-க்குக் கீழ போவல. எஸ் வாங்குனா இடுப்பு சரியாவும், நெஞ்சுல பக்கிளே எட்டாது. ரெண்டு பீஸையும் தனித்தனி அளவுல எடுக்க ஆப்ஷன் குடுத்தா என்ன கொறஞ்சா போவும். ராஜபாளையத்துக்கு 2005-ல தபால் தலையே போட்டாங்க, ராம்பூர் ஹவுண்டுக்கும் முதோலுக்கும் கூட போட்டாங்க, நம்ம நாட்டுல விக்கிற ஹார்னெஸ்ல இந்த ஒல்லி இடுப்பு நாய்ங்களுக்கு ஒரு சைஸ் போட ஆள் இல்ல.

எம் எடுத்து, இடுப்புப் பீஸ மட்டும் பைக் சீட் கவர் தைக்கிற கடைல குடுத்தேன். அவரு ஒரு பார்வ பாத்தாரு, "நாய்க்கா?"ன்னாரு, அப்பறம் நாயக் கொண்டாந்தாத்தான் தைப்பேன்னு நாயவே கொண்டாரச் சொல்லி அளவெடுத்தாரு. பட்டைய ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்து, உள்பக்கம் மெல்லிசு ஸ்பாஞ்ச் வச்சு காட்டன் துணிய மேல ஓட்டி, ரெட்டைத் தையல் போட்டுக் குடுத்துட்டாரு. எண்பது ரூவாதான் வாங்குனாரு. கம்பெனி தையலவிட அந்தத் தையல்தான் இப்ப வரைக்கும் பிரியாம இருக்கு. உங்க நாய் லாப், நாட்டு நாயி, பக், பீகிள்னா இந்தத் தொல்ல இருக்காதுன்னு நெனக்கிறேன், ராஜபாளையம், கன்னி, கிரேஹவுண்டு கலப்பு வச்சிருக்கவங்க மட்டும் இடுப்ப டேப் வச்சு அளந்துட்டு ஆர்டர் போடுங்க. அளக்குறப்ப நாய் நின்னாத்தான் சரியான அளவு வரும், நிக்க முடியலன்னா நெஞ்சுக்கடியில ஒருத்தர் கையக் குடுத்து தாங்கிக்கணும். முன்னங்காலுக்குப் பின்னாடி ஒரு சுத்து, தொடைக்கு முன்னாடி ஒரு சுத்து, கழுத்தடிலேர்ந்து வாலடி வரைக்கும் ஒரு நீளம். எடைய மட்டும் வச்சு சைஸ் எடுக்கச் சொல்றாங்க, அத நம்பாதீங்க.

துணி பத்தி. உள்பக்கம் வலைத்துணி, காத்துப் போவுதுன்னு போட்டிருக்காங்க, எங்க ஊரு சித்திரை வெயில்ல அது என்ன காத்துப் போறது. பகல் பூரா மாட்டியே வச்சிருந்தா அக்குள்ல செவந்து போவும், மெல்லிசுத் தோலு நாய்க்கு இன்னும் சீக்கிரம். வெளிய போறப்ப மாட்டி, வந்ததும் கழட்டிருங்க. பொட்டை நாய்க்கு இன்னொரு எடஞ்சல், குந்துறப்ப பின்னாடி வளையத்துல கொஞ்சம் நனையும், அதுக்கு மாத்து பீஸ் தனியா விக்கல. நான் ராத்திரி சோப்புத் தண்ணில அலசி ஃபேன் கீழ போட்டா காலைல காஞ்சிருக்கு. மிஷின்ல போட்டா வெல்க்ரோ முழுக்க நூலும் முடியுமா புடிச்சுக்குது, கைலயே தொவைங்க. பக்கிள் நல்ல கெட்டி, ஆனா சத்தம், டக்குன்னு மாட்டுறப்ப காதுகிட்ட நாய் திடுக்கிடுது, தல சுத்திக்கிட்டு இருக்க நாய்க்கு அது வேற. கைய உள்ள குடுத்து மெதுவா மாட்டணும்.

இதோட வாங்குன மத்த சாமானையும் சொல்லிர்றேன். தரைல போடுற ஃபோம் பாய், குழந்தைங்க வெளையாட ஒன்னோட ஒன்னு கோத்துக்குறது, அது சூப்பர். எங்க வீட்ல டைல்ஸ், அதுல நல்ல நாயே வழுக்கும், படுக்கைலேர்ந்து வாசல் வரைக்கும் ஒரு பாதை போட்டுட்டோம், ஹார்னெஸுக்கு அடுத்து அதுதான் உதவுச்சு. நாய்க்குப் போடுற ரப்பர் அடி சாக்ஸ் தண்டம், நடக்குறப்ப திருகிக்கிட்டு சைடுல வந்துருது, அதுவும் போக பாதம் தரைய உணரணும்னு சொல்ற நேரத்துல சாக்ஸப் போட்டு மூடுறது எனக்கு சரியாப் படல. ஒசரமான சாப்பாட்டு ஸ்டாண்டும் வாங்க நெனச்சேன், வாங்கல, தலயக் குனிஞ்சா சுத்துதுன்னு கிண்ணத்த நான் கைல புடிச்சுக்கிட்டேன், முடிஞ்சது. சாப்பாடு மொத நாள் தொடவே இல்ல, வாந்தி நின்னப்பறம் வேக வச்ச கோழியப் பிச்சு வெரல்ல வச்சுக் குடுத்தா நக்குச்சு, அப்பறம் கோழித் தண்ணில கொழைச்ச சோறு. ஒன்னே ஒன்னு, படுத்துக்கிட்டு தல ஆடிக்கிட்டு இருக்க நாய் வாயில சிரிஞ்சு வச்சோ டம்ளர் வச்சோ தண்ணிய ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிரும். நெஞ்சு மேல நிமித்தி உக்கார வச்சு, அதுவா நக்கட்டும்.

இந்த ஹார்னெஸ் யாருக்கு வேணாம்னும் சொல்லணும். பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிட்டே போற நாய், நெகம் தேயுற நாய், தல சாய்வு இல்ல கண்ணு ஆட்டம் இல்ல, இது முதுகுத்தண்டு சமாச்சாரமா இருக்கும், டிஸ்க் நழுவி திடீர்னு வந்திருந்தா அது அவசரம், சாமான் தேடாம ஒடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. கொஞ்சங் கொஞ்சமா மாசக்கணக்குல வர்றதுன்னா பின்னாடி மட்டும் தூக்குற பட்டை போதும், ரெண்டு பீஸ் தேவையில்ல. ராத்திரி முழிச்சு காரணமில்லாம நடக்குது, மூலைல போயி செவுத்தப் பாத்து நிக்குது, வெளிய வரத் தெரியாம முழிக்குதுன்னா அது வயசான மூளையோட மறதி நோய், நடைல கொறை இல்லாட்டி ஹார்னெஸால ஒரு பிரயோசனமும் இல்ல. கண்ணு மேலகீழ ஆடுறது, தலய மாத்தி வச்சா ஆடுற திசையும் மாறுறது, மடக்கி வச்ச பாதத்த திருப்பாம அப்புடியே நிக்கிறது, கூப்ட்டா முழிக்காம மந்தமாக் கெடக்குறது, இதுல ஏதாச்சும் இருந்தா பிரச்சன காதுல கெடையாது, மூளைத்தண்டுலயோ சிறுமூளைலயோன்னு சந்தேகப்படணும். உண்மையான பக்கவாதம், கட்டி, மூளைல வீக்கம் எல்லாம் அந்தப் பக்கம்தான் வரும். அதுக்கு எம்ஆர்ஐ எடுத்தாத்தான் தெரியும், நாய் அசையாமக் கெடக்கணும்ல, முழு மயக்கம் குடுத்துத்தான் எடுப்பாங்க. வயசான நாய்க்கு மயக்கம் குடுக்கலாமாங்குறது தனியா யோசிக்க வேண்டிய விஷயம். எங்க பக்கம் இருக்கவங்களுக்கு பெரிய எடம்னா நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னைன்னா வேப்பேரி, அங்க மாட்டாஸ்பத்திரின்னு நெனச்சுக்கிட்டு போவாதீங்க, நாய் பூனைக்கும் பாக்குறாங்க. எங்களுக்கு அது வரைக்கும் தேவப்படல.

செவலை இப்ப நடக்குது. கண்ணு ஆட்டம் மொத வாரத்துலயே நின்னுருச்சு, அதுக்கப்பறம் நடை, வளைவுல திரும்புறப்ப மட்டும் ரொம்ப நாளா எடது பக்கம் அள்ளும், முன்கைப்பிடிய மட்டும் ஒரு கைல லேசா புடிச்சுக்கிட்டே நடந்தோம், பின்னாடி பீஸக் கழட்டிட்டு முன் பீஸ மட்டும் தனியாவும் மாட்டலாங்குறது இதுல ஒரு நல்ல விஷயம், விளம்பரத்துல அத ஏன் சொல்லலன்னு தெரியல. தல சாய்வு மட்டும் கொஞ்சம் அப்புடியே தங்கிருச்சு. யாராச்சும் வாசல்ல வந்தா தலயச் சாச்சு வச்சுக்கிட்டு ஏதோ கேள்வி கேக்குற தோரணைல பாக்குது, அண்ணாச்சியத்தான் ரொம்ப நேரம் பாக்கும், அவரும் பிஸ்கட் குடுத்துட்டுத்தான் போறாரு. மாடிப்படி மட்டும் இனி வேணாம்னு கீழயே கேட் போட்டாச்சு.

ரூவாய்க்கு மதிப்பு இருக்கா? 1,900 சொச்சம் குடுத்தேன், தையலுக்கு எண்பது. மலிவா 600-க்கும் 700-க்கும் விக்கிறத கடைல கையில எடுத்துப் பாத்தேன், அதுல கைப்பிடி நேரா துணியோட மட்டும் தச்சிருக்கு, கீழ சுத்தி வர்ற பட்டையோட சேக்கல, இருபது கிலோ ஒரு தடவ முழுசா சரிஞ்சா பிச்சுக்கிட்டு வந்துரும். எத வாங்குனாலும் இத ஒன்னப் பாத்து வாங்குங்க, கைப்பிடிலேர்ந்து வர்ற நாடா நாயோட நெஞ்சுக்கடி வரைக்கும் சுத்திப் போயி மறுபக்கம் வந்து சேரணும்.

கமெண்ட்ல யாராச்சும் பழசக் குடுப்பீங்களான்னு கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிர்றேன், குடுக்க முடியாது, இந்த நோய் சில நாய்க்கு மறுபடியும் வரும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க, அதனால வச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். புதுசு வாங்குறவங்க கறுப்ப எடுக்காதீங்க, வெயில்ல கைப்பிடியே சுடுது. நீலமும் சாம்பலும் இருக்கு, அதே வெலதான்.